பள்ளிக்கூடத்துக்கு வந்த கிடை

1

எங்கள் ஊரில் ஐப்பசி பிறக்கும் நேரத்தில், நான் இப்போது வாழும் நியூசிலாந்தின் தெற்குத் தீவில் வசந்தம். இந்த வாரம் வியாழக்கிழமை என் மகள் கயலின் பள்ளிக்கூடத்தில் ஆட்டுக்குட்டி நாள். ஆண்டுக்கு ஒருமுறை, வீட்டில் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த குட்டிகளைப் பிள்ளைகள் கயிற்றில் பிடித்துப் பள்ளிக்குக் கூட்டிவருவார்கள். நடுவர் ஒருவர் வருவார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குட்டி திரும்புகிறதா, இழுக்காமல் கூடவே நடக்கிறதா என்று பார்த்து, ஜெயித்த குட்டியின் கழுத்தில் ரிப்பன் கட்டுவார்.

கயலின் குட்டிக்கு பிஸ்கட் என்று பெயர். தாயில்லாத குட்டி, பக்கத்துப் பண்ணைக்காரர் கொடுத்தது. நடுவர் முன்னால் பிஸ்கட் நான்கு காலையும் மடக்கி உட்கார்ந்துவிட்டது. கயல் கூப்பிட்டாள், கெஞ்சினாள், கடைசியில் தூக்கிக்கொண்டே நடந்தாள். ரிப்பன் கிடைக்கவில்லை.

வேலியோரம் நின்றிருந்த என்னிடம் தலைமையாசிரியர் வந்தார். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட, எப்போதும் சிரித்த முகமுள்ள மனிதர். "பள்ளிக்கூடத்துக்குள் ஆடுகளைப் பார்ப்பது உங்களுக்கு இதுதான் முதல் தடவையாக இருக்கும்" என்றார்.

"இல்லை, இரண்டாவது தடவை" என்றேன்.

வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துத் தோளில் தட்டிவிட்டுப் போனார். முதல் தடவை இதே வருடம், ஆனி மாதத்தில், கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில். அதை அவருக்கு ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாது. ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2

நான் வேலை பார்ப்பது பால்பவுடர் தொழிற்சாலையில், பரிசோதனைக் கூடத்தில். இங்கே ஜூன் மாதம் கடுங்குளிர். மாடுகள் கறவை வற்றி நிற்கும், தொழிற்சாலையும் மூடிக் கிடக்கும். ஆகவே லீவு சுலபம். அப்பா தவறி ஓராண்டு நிறைவது ஆனியில் என்பதால், வைகாசிக் கடைசியிலேயே நான் மட்டும் கிளம்பிப் போனேன்.

கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகும் சாலையில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். காலையில் ஊருக்குள் இரண்டு வேன்கள் வரும். ஒன்று தீப்பெட்டி ஆபீஸ் வேன், பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். இன்னொன்று மஞ்சள் நிறத்தில் ஆங்கிலப் பள்ளி வேன், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். நான் ஊரைவிட்டுக் கிளம்பிய காலத்தில் முதல் வேன் மட்டும்தான் இருந்தது.

என் அக்கா செல்வி முதல் வேனில் போகிறவள். எங்கள் ஊர் தொடக்கப்பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு அவள்தான் தலைவி. குழுவில் இருக்கும் அம்மாக்கள் பெரும்பாலும் அதே வேனில் போகிறவர்கள். அதனால் குழுவின் உண்மையான கூட்டம் வேனுக்குள்தான் நடக்கும். போகும்போது பேசுவார்கள், திரும்பும்போது முடிவெடுப்பார்கள்.

நான் போய்ச் சேர்ந்த அன்றைக்கு அவள் பேசியதெல்லாம் பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான். பிள்ளைகள் குறைந்துவிட்டதால் பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவது என்று பேச்சு. ஆனி முடிவதற்குள் கல்வி அலுவலர் நேரில் வந்து, வகுப்பில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து எழுதுவார். பக்கத்து ஊர் தூரம் ஒன்றுமில்லை. ஆனால் நடுவில் நாலுவழிச் சாலை ஓடுகிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அதைத் தாண்டித்தான் தினமும் போய்வர வேண்டும்.

"மனு எழுதித் தரட்டுமா?" என்று கேட்டேன். வெளிநாட்டில் இருப்பவன் தரக்கூடியது அதுதான் என்று எனக்கு எண்ணம்.

"மனு ரெண்டு போட்டாச்சு. மனுவுக்கா அவிய அட்டெண்டன்ஸ் எடுப்பாவ? பிள்ள வேணும்லே" என்றாள்.

பிள்ளைகள் இல்லாமல் இல்லை. ஊரின் மேற்குக் கோடியில் ஆடு மேய்க்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களின் பிள்ளைகள் எல்லாருடைய பெயரும் இதே பள்ளியில்தான் இருக்கிறது. ஆனால் பங்குனியில் இங்கே கரிசல் காய்ந்து போகும். தாமிரபரணிக் கரையில் நெல் அறுத்த வயல்கள் காலியாக இருக்கும். குடும்பத்தோடு ஆட்டைப் பத்திக்கொண்டு அங்கே போய்விடுவார்கள். இரவில் ஆட்டை ஒருவர் வயலில் மொத்தமாக அடைத்து வைப்பதற்குக் கிடை என்று பெயர். புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு எரு. பதிலுக்குக் கிடைக்காரர்களுக்கு வயற்காரர் வீட்டிலிருந்து ராத்திரிச் சோறு. ஆடி பிறந்து மழை வாசம் அடித்த பிறகுதான் ஊருக்குத் திரும்புவார்கள். புரட்டாசியில் விதைப்பு தொடங்கினால் மறுபடி கிளம்பிவிடுவார்கள். அலுவலர் எண்ண வரும் மாதமும் இந்தப் பிள்ளைகள் ஆற்றங்கரையில் இருக்கும் மாதமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. வருடா வருடம் இதே கதை. இதற்கு முன் அதனால் பள்ளி மூடும் நிலை வரவில்லை, அவ்வளவுதான்.

3

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் லீவு. அக்காவும், பள்ளியின் தலைமையாசிரியை சாந்தி டீச்சரும், பை தூக்க நானுமாகக் கிளம்பினோம். கோவில்பட்டியில் ரயில் ஏறி, மணியாச்சி தாண்டித் திருநெல்வேலியில் இறங்கி, அங்கிருந்து பஸ். ஆற்றங்கரை வயலில் ஒரு பனைநிழலில் மாடசாமியும் அவர் மனைவி பேச்சியம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். கிடைக்குப் பெரியவர் மாடசாமி. அவர்களுடைய மகள் முத்துமாரிக்கு இந்த வருடம் நாலாம் வகுப்பு. டீச்சரைப் பார்த்ததும் ஓடிப்போய் ஆட்டுக்கு நடுவில் ஒளிந்துகொண்டாள்.

"ஏட்டி, அந்தக் கருப்பு ஆட்டுக்கு எப்பட்டி ரெட்டச் சடை போட்ட?" என்று டீச்சர் சத்தம் போட்டதும் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாள்.

அக்கா விஷயத்தைச் சொன்னாள். பிள்ளைகளை மட்டும் இப்போதே அனுப்பிவையுங்கள், ஊரில் சொந்தக்காரர் வீடுகளில் இருக்கட்டும் என்றாள்.

"யாரு வீட்டுல?" என்றார் பேச்சியம்மாள். "எங்க மாமியா கண்ணு தெரியாம கெடக்கு. நாத்துனா வீட்டுல மூணு பிள்ளைய. அடுத்த வீட்டுச் சோத்துக்கு எம்பிள்ள தட்டு ஏந்தணுமாக்கும்?"

"அப்படி இல்ல மைனி..."

"வேற எப்படி? கிடை போட்டுச் சோறு வாங்குதோம், அது எங்க பாத்தியதை. சும்மா குடுக்கிற சோறு வேற."

மாடசாமி எழுந்து போய் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "தாயி, நீ நல்லதுக்குத்தான் சொல்லுத. ஆனா ஆடு போற இடத்துக்குத்தான் பிள்ள வரும். பிள்ள வேணும்னா ஆட்டக் கூப்பிடு."

கதவைச் சாத்துவதற்காகச் சொன்ன பேச்சு அது. ஆனால் அக்கா அதைக் கதவாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"சரி அண்ணாச்சி. ஆட்டக் கூப்பிடுதேன்."

"என்னது?"

"நம்ம ஊர்லயே கிடை போடுங்க. இந்த வாரமே."

மாடசாமி சிரித்தார். "ஆனி மாசத்துக் கரிசல்ல என்ன இருக்கு? மண்ணையா திங்கும்? தண்ணிக்கு எங்கன போக?"

"அதுக்கு நா பொறுப்பு."

திரும்பி வரும் ரயிலில் டீச்சர் அக்காவைப் பார்த்து, "எதுக்கும்மா பொறுப்பு? தண்ணிக்கா, தீனிக்கா?" என்றார்.

"அது நாளைக்கு வேன்ல பேசணும் டீச்சர்" என்றாள் அக்கா.

4

வேனில் பேசினார்கள். தீனிக்கு வழி ஊரைச் சுற்றியே இருந்தது. வைகாசி, ஆனியில் சீமைக் கருவேல மரங்களிலிருந்து முற்றிக் காய்ந்த காய், அதுதான் நெத்து, மஞ்சளாக உதிர்ந்து கிடக்கும். ஊரே திட்டும் மரம், ஆனால் அதன் நெத்து என்றால் ஆட்டுக்கு உயிர். வீட்டுக்கு ஒரு சாக்கு பொறுக்குவது என்று முடிவானது. நானும் பொறுக்கினேன். என் கையில் ஏறிய முள்ளைப் பார்த்து, "நியூசிலாந்து ரத்தம், பாத்து" என்று பெண்கள் கேலி செய்தார்கள்.

தண்ணீருக்கு ரங்கசாமி அண்ணாச்சி. ஊரில் தண்ணீர் ஓடுகிற போர்க்கிணறு அவருடையதுதான். தெலுங்கு பேசும் வீடு. பேரன் மஞ்சள் வேனில் போகிறவன். அக்கா அவரிடம், "முதல் கிடை உங்க புஞ்சையிலதான்" என்றாள். கரிசல்காரருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? உடனே உள்ளே திரும்பி மனைவியிடம், "நீள்ளு இப்பிஸ்தானு" என்றார். தண்ணீர் தருகிறேன் என்று அர்த்தம்.

அவ்வளவோடு அக்கா நிறுத்தியிருக்கலாம். நெத்து கொண்டுவர மாட்டுவண்டி தேவைப்பட்டது. வண்டி தவசி அண்ணாச்சியிடம் இருந்தது. அவரிடமும், "முதல் கிடை உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டாள். கிடையைச் சுற்றிக் கட்டும் வலைக் கயிறு வைத்திருந்த கடைக்காரரிடமும் அதையே சொன்னாள். எப்படியும் ஆடு வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறாள்.

ஆனி மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் தாழ்ந்த நேரத்தில் தெற்கே புழுதி தெரிந்தது. ஆடு ஊருக்குள் நுழையும் பாதையில் மூன்று பேர் நின்றார்கள். மூன்று பேர் வீட்டிலும் கிடைச்சோறு ஆக்கி இறக்கியாகிவிட்டது.

"ஏலே, வடக்க திருப்பு! நம்ம புஞ்ச வடக்க!"

"யாரு புஞ்ச? தண்ணி குடுக்கது யாரு?"

"தண்ணி மட்டும் குடிச்சாப் போதுமாக்கும்? நெத்து என் வண்டியில வந்ததுல்லா!"

ஆடுகள் மூன்று பக்கமும் திரும்பித் திரும்பி, கடைசியில் நடுப்பாதையில் நின்று கத்தின. மாடசாமி கம்பை ஊன்றி நின்று, "என்ன செல்வி, ஆட்ட மூணாப் பங்கு வைக்கவா?" என்றார். அக்கா தலைகுனிந்து நின்றாள். நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. தவசி அண்ணாச்சியின் புஞ்சை ஓடைக்கு அந்தப் பக்கம், வெகுதூரம். அங்கே கிடை போட்டால் பிள்ளைகள் அங்கேயே தங்கிவிடுவார்கள். யாருக்கு இல்லை என்று சொன்னாலும் தண்ணீரோ தீனியோ நின்றுவிடும்.

பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சாந்தி டீச்சர் பையைக் கீழே வைத்தார்.

"எங்க பள்ளிக்கூடத்துக்குப் புஞ்ச இல்லன்னு யாரு சொன்னது? பின்னால அம்புட்டு இடம் காலியாக் கெடக்கு. ஆட்ட உள்ள விடுங்க."

மற்றவன் புஞ்சை என்றால் சண்டை போடலாம், பள்ளிக்கூடத்தோடு எப்படிச் சண்டை போடுவது? ஆடு பள்ளி மைதானத்துக்குள் போனது. மூன்று வீட்டுச் சோறும் அங்கேயே வந்து சேர்ந்தது. முத்துமாரியும் மற்றப் பிள்ளைகளும் வகுப்பு வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ரங்கசாமி அண்ணாச்சியின் பேரன் வீட்டிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்து அவர்களோடு உட்கார்ந்தான்.

5

அலுவலர் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்.

பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் உள்ளே போன நேரம். பின்பக்கம் வலைக்குள் ஆடுகள். இரவே வலையை விட்டு நழுவிய இரண்டு குட்டிகள் வராந்தாவில் படுத்திருந்தன. ஜீப்பிலிருந்து இறங்கிய அலுவலர் முதல் காலைப் புழுக்கையில்தான் வைத்தார். அப்படியே நின்றார்.

"டீச்சர், இது பள்ளிக்கூடமா, ஆட்டுப்பட்டியா?"

டீச்சர் பதில் சொல்லுமுன் பால் கறந்துகொண்டிருந்த பேச்சியம்மாள் எழுந்தார். "ரெண்டுந்தான் சார். ஆடு வெளிய நிக்கு, பிள்ள உள்ள இருக்கு. மாறி இருந்தாத்தான சார் தப்பு?"

அலுவலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு உள்ளே போனார். வகுப்பு வகுப்பாகப் பார்த்தார். பிள்ளைகளை வாசிக்கச் சொன்னார். முத்துமாரி எழுத்துக்கூட்டித்தான் வாசித்தாள், மூன்று மாதம் விட்டுப்போனதல்லவா? ஆனால் பக்கத்தை முடித்தாள். அவர் வெளியே வந்து, அன்றைக்கு வேனில் ஏறாமல் நின்றுவிட்ட அக்காவிடம் கேட்டார்.

"உண்மையச் சொல்லும்மா. நான் வரேன்னுதான் கிடையக் கொண்டு வந்தீங்க. விதைப்புக்கு ஆடு போயிரும். பிள்ளைங்களும் கூடவே போயிரும். அப்ப இந்தப் பள்ளிக்கூடத்த எதுக்கு வச்சிருக்கணும்?"

அவர் கேட்டதில் தவறு இல்லை. புரட்டாசியில் கரிசலை உழுது விதைத்த பிறகு ஆடு அங்கே நிற்க முடியாது. அக்கா டீச்சரைப் பார்த்தாள். பேச்சியம்மாள் பால் செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப இருக்கது இருக்கட்டும்" என்றார் அலுவலர். "ஆடு போன பிறகு ஒருநாள் வருவேன். சொல்லிட்டு வர மாட்டேன்."

அதன் பிறகு கிடை புஞ்சை புஞ்சையாக மாறியது. இந்தத் தடவை அக்கா யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. வேனில் ஒரே ஒரு விதி போட்டார்கள்: பள்ளி மணி கேட்கிற புஞ்சைக்குத்தான் கிடை. வராந்தாவில் தொங்கும் தண்டவாளத் துண்டுதான் மணி. டீச்சர் அதை அடித்துக் காட்டுவதாக ஏற்பாடு, அவரவர் தம் புஞ்சையில் நின்று காது கொடுத்தார்கள். ஓடைக்கு அப்பாலிருந்து தவசி அண்ணாச்சி, "நல்லாக் கேக்கு, நல்லாக் கேக்கு" என்று கையாட்டினார். டீச்சர் அப்போது இன்னும் மணி அடிக்கவே இல்லை.

நான் திரும்பும் நாள்வரை புரட்டாசிக்கான பதில் யாரிடமும் இல்லை. விமானத்தில் எனக்கு அந்த ஒரு கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

6

இங்கே வந்த புதிதில் கயலின் பள்ளியில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். வரும்போது ஒரு தட்டு கொண்டுவாருங்கள் என்று எழுதியிருந்தது. பாத்திரம் குறைவு போலிருக்கிறது என்று நினைத்து, கழுவித் துடைத்த வெறும் தட்டோடு போய் நின்றேன். பலகாரம் நிறைந்த தட்டோடு வர வேண்டும் என்பது இந்த ஊர் வழக்கமாம். அன்றைக்கு வெட்கமாக இருந்தது. கிடையைப் பார்த்து வந்த பிறகு அது அவ்வளவு வெட்கமாகத் தெரியவில்லை. வெறும் தூக்குவாளியோடு போய் நிமிர்ந்து நின்று சோறு வாங்குகிற ஆட்களும் உலகத்தில் உண்டு. வாங்குவதற்கு முன்னாலேயே கொடுத்துவிட்டவர்கள் அவர்கள்.

இந்த ஊர்ப் பள்ளியையும் பெற்றோர் குழுதான் நடத்துகிறது. இங்கேயும் தலையை எண்ணித்தான் அரசாங்கம் பணம் தருகிறது. குழுவில் சேருங்கள் என்று இரண்டு வருடமாகக் கேட்கிறார்கள். என் ஆங்கிலம் போதாது என்று தட்டிக்கழித்துவந்தேன். பிள்ளைகளோடு சுற்றுலா போவதற்கே போலீஸ் சரிபார்ப்பு, அதற்கு மூன்று அடையாளச் சான்று, அதில் ஒன்றில் என் இனிஷியலைக் குடும்பப் பெயர் என்று நினைத்துத் திருப்பி அனுப்பியது வேறு. இந்த ஆகஸ்டில் சரி என்று சொல்லிவிட்டேன். முதல் கூட்டத்தில் வாய் திறந்தது ஒரே ஒருமுறை, ஜன்னலைச் சாத்தலாமா என்று கேட்க. அடுத்ததில் பார்க்கலாம்.

கயல் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வயதுக்கு வந்துவிட்டாள். பள்ளியில் அவள் பெயர் 'கே'. ஊர்க் கதை ஆரம்பித்தால் காதில் இயர்போன் ஏறும். கிடைக் கதைக்கு மட்டும் அது ஏறவில்லை. ஆடு வராந்தாவில் படுத்திருந்ததை மூன்று தடவை சொல்லச் சொன்னாள். பிஸ்கட்டை அவள் கேட்டு வாங்கியதே அதன் பிறகுதான்.

ஆவணிக் கடைசியில் அக்கா போனில் சொன்னாள். கிடை கிளம்பும் நேரம் நெருங்கியதும் வேனில் பெரிய வாக்குவாதமாம். ஒருத்தி சொல்லியிருக்கிறாள், கிடை போட்ட புஞ்சைக்காரன் சோறு போட வேண்டியது ராத்திரிக்கு ராத்திரி, அதோடு சரி என்று. அக்கா விடவில்லையாம்.

"ஆடு போனாலும் எரு மண்ணுலதான கெடக்கு? அது விளைஞ்சு வீட்டுக்கு வார வரைக்கும் கிடைச்சோறு உண்டு. கிடைக்காரருக்குப் போடாட்டா அவிய பிள்ளைக்குப் போடுங்கன்னேன்."

"பேச்சி மைனி என்ன சொன்னாவ?"

"நேரா ரங்கசாமி அண்ணாச்சி வீட்டுக்குப் போயி, 'எம்பிள்ளைக்குச் சோறு எப்பம்'னு கேட்டாவ. கேக்கும்போது குரல் எப்படி இருந்துச்சுங்கிற? கடங்காரன்ட்ட கேக்க மாதிரி! எனக்குச் சந்தோசமாப் போச்சு."

பிள்ளைகளுக்கு ராத்திரிச் சோறு மூன்று வீட்டில் முறை வைத்து. படுக்கை எங்கள் வீட்டில், அக்காவோடு. மதியம் பள்ளியில் இருக்கிறது. ரங்கசாமி அண்ணாச்சியின் பேரனும் மஞ்சள் வேனில் ஏற மாட்டேன் என்று அடம் பிடித்து, இப்போது இங்கேதான் படிக்கிறான். அலுவலர் வந்தாரா என்று வாரா வாரம் கேட்டுக்கொண்டிருந்தேன். வரவில்லை, வரவில்லை என்றே பதில் வந்தது.

ஆட்டுக்குட்டி நாளன்று மாலை ஐந்து மணிக்கு மேல் அக்காவின் வீடியோ அழைப்பு வந்தது. அங்கே காலை, பிரார்த்தனை நேரம். அன்றைக்கு ஆபீஸுக்கு லீவு போட்டிருந்தாள். அலுவலர் வந்துவிட்டுப் போன செய்தியைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாள். "முந்தாநாள் வந்தாருடே. செருப்பக் கையில எடுத்துக்கிட்டே உள்ள வந்தாரு. ஆடு இல்லன்னதும் கீழ போட்டாரு. ஒவ்வொரு வகுப்பாப் பாத்தாரு. போகும்போது, 'அடுத்த வருசமும் இப்படியே இருக்கணும்'னு மட்டும் சொன்னாரு. பள்ளிக்கூடம் இருக்குடே, இருக்கு."

பேசிக்கொண்டே போனைப் பிள்ளைகள் பக்கம் திருப்பினாள். பின்னால் மைதானம் தெரிந்தது. புழுக்கை விழுந்த இடம் முழுக்க முதல் மழைக்குப் பச்சை பிடித்திருந்தது. முத்துமாரி முன்னால் வந்து நின்றாள், ரெட்டைச் சடை.

கயல் பிஸ்கட்டைத் தூக்கிக்கொண்டு என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். தமிழ் வார்த்தைகளைத் தேடினாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

"உங்க... ஆடு எல்லாம் எங்கே?"

"ஆடு போயிட்டு" என்றாள் முத்துமாரி. பிறகு, பின்னால் மணி அடிக்கத் தொடங்கியதால், குரலை உயர்த்திச் சொன்னாள்.

"நா இங்கனதான் இருக்கேன்."